ஒற்றை அணு அடுக்கும் ஒரு துளி இரத்தமும்: கிராஃபீன் உணரிகள் எங்கே நிற்கின்றன?

இதயத் தசை சேதமடையும்போது அதிலிருந்து ட்ரோபோனின் என்ற புரதம் இரத்தத்தில் கசியும். நெஞ்சுவலியோடு வருபவருக்கு மாரடைப்பா இல்லையா என்று தீர்மானிக்க ஆய்வகங்கள் தேடுவது இதைத்தான். இப்போது புழக்கத்தில் உள்ள ஓர் உயர்நுட்ப ட்ரோபோனின் சோதனையில், லிட்டர் பிளாஸ்மாவுக்கு (இரத்த அணுக்கள் நீங்கிய திரவப் பகுதி) 14 நானோகிராம் என்பது எல்லைக்கோடு. அதே ஒரு லிட்டரில் ஆல்புமினும் பிற புரதங்களுமாக 60 முதல் 80 கிராம் வரை கரைந்திருக்கும். எடைக் கணக்கில், தேடும் பொருள் ஒரு பங்கு என்றால் அதைச் சூழ்ந்திருக்கும் வேண்டாத புரதம் ஏறத்தாழ 500 கோடிப் பங்கு.

கிராஃபீனைக் கொண்டு நோயறியும் கருவி செய்திருக்கிறார்கள் என்ற செய்தி எப்போது வந்தாலும் இந்த விகிதத்தை மனதில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது. மிக மிகக் குறைந்த அளவைக்கூட அது கண்டுபிடித்துவிட்டது என்று செய்தி சொல்லும். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் நோயாளிக்கு வேண்டியது அதுமட்டுமல்ல. 500 கோடியில் ஒரு பங்கை மற்றவற்றோடு குழப்பிக்கொள்ளாமல், இன்று சொன்னதையே நாளையும் சொல்லும் கருவி வேண்டும். உணர்திறன் என்ற முதல் மலையைக் கிராஃபீன் எப்போதோ ஏறிவிட்டது. நம்பகம் என்ற இரண்டாவது மலையில்தான் இப்போது திணறுகிறது.

முதல் மலையை அது எப்படி ஏறியது? கிராஃபீன் என்பது கார்பன் அணுக்கள் அறுகோண வலையாகப் பிணைந்த ஒற்றை அடுக்கு. பென்சில் முனையில் உள்ள கிராஃபைட், இத்தகைய அடுக்குகள் 0.335 நானோமீட்டர் இடைவெளியில் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்த பொருள். இந்த ஒற்றை அடுக்கில் எலக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்ளும் என்பதை 1947-லேயே பி. ஆர். வாலஸ் தாளில் கணக்கிட்டுவிட்டார். அதைத் தனியே பிரித்தெடுத்து அளந்து காட்டியது 2004-இல், மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டான்டின் நோவோசெலோவும். சாதாரண ஒட்டுநாடாவால் கிராஃபைட்டை மீண்டும் மீண்டும் உரித்தே அவர்கள் அதைச் செய்தார்கள். 2010-இல் இயற்பியல் நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது.

எஃகைவிட வலிமை, அபாரமான வெப்பக் கடத்தல் என்று கிராஃபீனைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் புகழுரைகள் நோயறிதலுக்கு அவ்வளவாக உதவுவதில்லை. இங்கே முக்கியமானது ஒன்றுதான்: கிராஃபீனுக்கு உட்புறம் என்று ஒன்று கிடையாது. அதன் ஒவ்வோர் அணுவும் மேற்பரப்பில் இருக்கிறது. கோட்பாட்டளவில் ஒரு கிராம் கிராஃபீனின் பரப்பு சுமார் 2630 சதுர மீட்டர். 1970-இல் பீட் பெர்க்வெல்ட் அறிமுகப்படுத்திய சிலிக்கான் அயனி உணரியில், மின்னோட்டம் ஓடும் பாதை ஒரு மின்காப்புப் பூச்சுக்கு அடியில் இருக்கும். வெளியே திரவத்தில் நடப்பதன் தாக்கம் அந்தப் பூச்சைக் கடந்துதான் உள்ளே எட்ட வேண்டும். கிராஃபீனில் மின்னோட்டப் பாதையே திரவத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு மூலக்கூறு வந்து உட்கார்ந்தால், எலக்ட்ரான்கள் ஓடிக்கொண்டிருக்கும் தளத்தின் மேலேயே அது உட்காருகிறது.

இதன் வீச்சை 2007-இல் மான்செஸ்டர் குழுவினரே காட்டினார்கள். நைட்ரஜன் டைஆக்சைடு வாயுவின் தனித்தனி மூலக்கூறுகள் ஒட்டுவதும் விலகுவதும் கிராஃபீனின் மின்தடையில் படிப்படியான தாவல்களாகப் பதிவாயின. ஒரே ஒரு மூலக்கூறின் வருகையை உணர்ந்துவிட்ட பிறகு அதற்குக் கீழே போக இடமில்லை. ஆனால் அந்தச் சோதனையில் கிராஃபீனைச் சுற்றி இருந்தது கட்டுக்குள் வைத்த வாயு. இரத்தம் அல்ல.

தொடும் எதையும் உணரும் பரப்பு, தொட்டது எது என்று தானாகச் சொல்லாது. உப்பின் அளவு மாறினாலும் அமிலத்தன்மை மாறினாலும் வெப்பநிலை ஏறினாலும் ஆல்புமின் வந்து அப்பிக்கொண்டாலும் அதன் மின்கடத்தல் மாறும். ஆகவே கிராஃபீனைத் தனியாக ஓர் உணரி என்று சொல்வதே பாதி உண்மைதான். நமக்கு வேண்டிய மூலக்கூறை மட்டும் பிடிக்கும் இன்னொரு பொருளை அதன்மேல் நட வேண்டும். எதிர்ப்பொருள் எனப்படும் ஆன்டிபாடி, ஆப்டமர் என்ற மடிப்புள்ள சிறு டிஎன்ஏ இழை, நொதி ஆகியவை அந்த வேலையைச் செய்கின்றன.

நடுவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. கிராஃபீன் வலையின் அணுக்களோடு நேரடியாக வேதிப்பிணைப்பு ஏற்படுத்தினால் அந்த இடத்தில் வலை குலையும், கடத்தல் கெடும். அதனால் பைரீன் என்ற தட்டையான மூலக்கூறைப் பயன்படுத்துகிறார்கள். நான்கு கார்பன் வளையங்கள் கொண்ட பைரீன், கிராஃபீனின் அறுகோணங்கள் மேல் பிணைப்பை உடைக்காமல் படுத்துக்கொள்ளும். அதன் மறுமுனையில் உள்ள வினைபடு தொகுதி ஆன்டிபாடியைப் பற்றிக்கொள்ளும். இந்தத் துறையின் ஆய்வுகளில் பெரும்பகுதி இந்த எளிய ஏற்பாட்டின் மேல்தான் நிற்கிறது.

இப்படித் தயாரான படலத்தின் இரு முனைகளிலும் உலோகத் தொடுமுனைகள் வைத்து, மேலே உள்ள திரவத்தின் வழியாக மின்னழுத்தம் கொடுத்தால் அது ஒரு டிரான்சிஸ்டர். மின்னூட்டமுள்ள புரதமோ டிஎன்ஏ இழையோ வந்து சிக்கும்போது கிராஃபீனில் உள்ள மின்சுமப்பிகளின் எண்ணிக்கை மாறும், மின்னோட்டமும் மாறும். சாயம் வேண்டாம், ஒளிரும் அடையாளம் ஒட்ட வேண்டாம், கழுவிக் காத்திருக்கவும் வேண்டாம். நிமிடங்களில் விடை.

2020-இல் தென்கொரிய ஆய்வாளர்கள் கொரோனா வைரஸின் கூர்முனைப் புரதத்துக்கான ஆன்டிபாடியை இப்படிக் கிராஃபீன்மேல் நட்டு ஓர் உணரி செய்தார்கள். பெருந்தொற்றின் நடுவே உலகெங்கும் அது செய்தியானது. அந்த ஆய்வில் என் கவனத்தை ஈர்ப்பவை இரண்டு எண்கள். அமிலத்தன்மை மாறாமல் காக்கும் சுத்தமான தாங்கல் கரைசலில் மில்லிலிட்டருக்கு 1 ஃபெம்டோகிராம் (ஒரு நானோகிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரை புரதத்தைக் கண்டது அந்த உணரி. மூக்குச் சளி மாதிரிகளை எடுத்துச் செல்லப் பயன்படும் கடத்து திரவத்தில் அதே உணரிக்கு 100 ஃபெம்டோகிராம் தேவைப்பட்டது. திரவத்தை மாற்றியதும் நூறு மடங்கு இறக்கம். இதை மறைக்காமல் எழுதிய அந்த ஆய்வாளர்கள் பாராட்டுக்குரியவர்கள். பல ஆய்வுகள் முதல் எண்ணோடு நின்றுவிடுகின்றன.

உப்பு போடும் திரை

உடல் திரவங்களில் உணரி தடுமாறுவதற்கு மற்ற புரதங்கள் மட்டும் காரணம் அல்ல. உப்பும் காரணம். நீரில் கரைந்த அயனிகள், எங்கே ஒரு மின்னூட்டம் இருந்தாலும் எதிர்க்குறி கொண்டவையாகத் திரண்டு அதைச் சூழ்ந்துகொள்ளும். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் அந்த மின்னூட்டம் இருப்பதே தெரியாது. இப்படி மறையும் தூரத்துக்கு டிபை நீளம் என்று பெயர். கூட்ட இரைச்சலில் ஒருவர் கிசுகிசுப்பது பக்கத்தில் ஒட்டி நிற்பவருக்கு மட்டும் கேட்பது போல, இந்த நீளத்துக்குள் வரும் மின்னூட்டத்தை மட்டுமே கிராஃபீன் உணரும்.

நம் இரத்தத்தின் உப்பளவில் டிபை நீளம் ஒரு நானோமீட்டருக்கும் குறைவு. நட்டு வைத்த ஆன்டிபாடியோ சுமார் 10 நானோமீட்டர் நீளம். அதன் உச்சியில் புரதம் சிக்கினாலும், அந்தச் செய்தி அடியிலுள்ள கிராஃபீனுக்குப் போய்ச் சேர்வதில்லை. ஆய்வகத்தில் இதற்கு எளிய வழி, திரவத்தை நூறு மடங்கு நீர்க்கச் செய்வது. உப்பு நூறில் ஒரு பங்காகும்போது டிபை நீளம் பத்து மடங்கு கூடும், ஆன்டிபாடியின் பெரும்பகுதி கேட்கும் தூரத்துக்குள் வந்துவிடும். சாதனை எண்கள் பல இப்படி நீர்த்த கரைசல்களில் பெறப்பட்டவை. ஆனால் நோயாளியின் மாதிரியை நூறு மடங்கு நீர்த்தால், தேடும் பொருளும் நூறில் ஒரு பங்காகிவிடுகிறதே. போதாததற்கு, மாதிரியை அளந்து கலந்து நீர்க்கச் செய்ய ஓர் ஆளோ கூடுதல் இயந்திரமோ வேண்டும். படுக்கையருகே ஒரு துளியில் விடை என்ற வாக்குறுதி அங்கேயே கரைந்துபோகிறது.

இந்தத் திரையைக் கிழிக்க நடந்துவரும் முயற்சிகள்தாம் இத்துறையிலேயே மிக அழகானவை என்பேன். ஆன்டிபாடிக்குப் பதில் குட்டையான ஆப்டமரை வைப்பது ஒரு வழி. இலக்கைப் பிடிக்கும்போது ஆப்டமர் மடங்கும். மின்னூட்டம் நிறைந்த அதன் சொந்த உடலே கிராஃபீனை நெருங்கும் அல்லது விலகும். அதனால் பிடிபட்ட மூலக்கூறுக்கு மின்னூட்டம் இல்லாவிட்டாலும் சமிக்ஞை கிடைக்கும். படலத்தின்மேல் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற நெகிழி இழைகளைப் பரப்பி, பரப்பின் அருகே அயனிகளின் அடர்வைக் கலைப்பது இன்னொரு வழி.

2020-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகக் குழு வேறொரு பாதையில் போனது. வெப்பத்தில் சுருங்கும் நெகிழித் தகட்டின்மேல் கிராஃபீனைப் படியவைத்துச் சூடாக்கினார்கள். தகடு சுருங்க, மேலே இருந்த கிராஃபீன் கசங்கி மடிப்பு மடிப்பாயிற்று. மடிப்புகளின் பள்ளங்களில் அயனிகள் வழக்கம்போல் திரள முடியாததால் மின்னூட்டம் மறைக்கப்படும் தூரம் நீண்டது. தாங்கல் கரைசலில் ஏறத்தாழ 18 டிஎன்ஏ மூலக்கூறுகள் வரை கண்டுபிடித்தார்கள். இரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த திரவமான மனித சீரத்தில் அந்த எண் சுமார் 600. இங்கும் அதே இறக்கம், முப்பது மடங்குக்கு மேல். ஆனாலும் சீரத்தில் 600 மூலக்கூறு என்பது கரைசலில் 18 மூலக்கூறு என்பதைவிட எனக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது.

டிஎன்ஏவும் ஆர்என்ஏவும் இத்தகைய உணரிகளுக்கு இயல்பாகவே ஒத்துப்போகும் இலக்குகள். அவற்றின் முதுகெலும்பு நெடுகப் பாஸ்ஃபேட் தொகுதிகள் இருப்பதால் எதிர்மின்னூட்டம் நிறைந்திருக்கும். மரபணுவைத் திருத்தப் பயன்படும் கிரிஸ்பர் முறையின் பெயரில் 2019-இல் வெளியான கிரிஸ்பர் சில்லு இதைத் திறமையாகப் பயன்படுத்தியது. டிஎன்ஏவைத் தேடிப் பிடிக்கும், ஆனால் வெட்டாத, செயலிழக்கச் செய்த காஸ்-9 புரதத்தைக் கிராஃபீன்மேல் நட்டார்கள். டுஷேன் தசைச்சிதைவு நோயாளிகளின் மரபணுவில் விடுபட்டுள்ள பகுதிகளை, பிசிஆர் முறையில் பெருக்காமலேயே, சுமார் 15 நிமிடத்தில் அது அடையாளம் காட்டியது. பெருக்கும் படி இல்லையென்றால் மாசு கலக்கும் வாய்ப்பும் குறையும், வெப்பச் சுழற்சி இயந்திரமும் தேவைப்படாது.

ஒரே பெயரில் பல பொருள்கள்

இதுவரை சொன்னதெல்லாம் குறையற்ற ஒற்றைப் படலத்தைப் பற்றி. கட்டுரைகளிலும் விளம்பரங்களிலும் கிராஃபீன் என்று குறிப்பிடப்படுவதில் பெரும்பகுதி அது அல்ல. 1958-இல் ஹம்மர்ஸ் வகுத்த முறையை ஒட்டி, கிராஃபைட்டை வலுவான ஆக்சிஜனேற்றிகளால் தாக்கினால் கிராஃபீன் ஆக்சைடு கிடைக்கும். நீரில் கரைசலாகப் பரவும், மலிவு, மருந்தையும் புரதத்தையும் ஒட்டவைக்கக் கொக்கிகள் நிறைய உண்டு. ஆனால் மின்சாரத்தைக் கடத்தாது. ஆக்சிஜனை ஓரளவு நீக்கினால் கடத்தல் பாதி திரும்பிவரும், குறைகளும் கூடவே தங்கும். 2014-இல் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டூரின் குழு, பாலிஇமைடு நெகிழித் தாளில் லேசர் கதிரால் கோடு போட்டாலே அந்தக் கோடு நுண்துளைகள் கொண்ட கிராஃபீனாக மாறுவதைக் காட்டியது. மூன்றும் தன்மையில் வேறு வேறானவை.

நடைமுறைக்கு மிக அருகில் இருப்பவை இந்தக் குறையுள்ள வகைகள்தாம். காரணம், அவை வேறு வகை உணரிகளில் வேலை செய்கின்றன. 1962-இல் லேலண்ட் கிளார்க் நொதி மின்முனையை முன்வைத்ததிலிருந்து குளுக்கோஸ் அளவிகள் பின்பற்றுவது மின்வேதிவழி: நொதி ஒரு வினையை நடத்தும், அதில் வெளிப்படும் எலக்ட்ரான்களை மின்முனை எண்ணும். இங்கே டிபை நீளத் தொல்லை அவ்வளவாகக் கிடையாது. குறைகளும் விளிம்புகளும் நிறைந்த கிராஃபீன் பல வினைகளை விரைவாக்கவும் செய்யும். கால்டெக் ஆய்வாளர்கள் 2020-இல் லேசரால் பொறித்த கிராஃபீன் பட்டையைத் தோலில் ஒட்டி, வியர்வையில் யூரிக் அமிலத்தையும் டைரோசினையும் அளந்தார்கள். யூரிக் அமிலம் கீல்வாத நோயோடு தொடர்புள்ளது.

ஏன் யூரிக் அமிலம் எளிது, ட்ரோபோனின் கடினம்? இரத்தத்தில் யூரிக் அமிலம் படிகமாகத் தொடங்கும் அளவு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 6.8 மில்லிகிராம், அதாவது லிட்டருக்கு 68 மில்லிகிராம். ட்ரோபோனினின் எல்லைக்கோட்டைப் போல அது ஏறத்தாழ 50 லட்சம் மடங்கு. வியர்வையில் அந்த அளவு குறைந்தாலும் போராட வேண்டிய போர் வேறு.

பெயர்க் குழப்பம் பொருளின் தரத்தையும் தொட்டுவிட்டது. 2018-இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகக் குழு உலகெங்கும் 60 நிறுவனங்கள் கிராஃபீன் என்று விற்ற மாதிரிகளைச் சோதித்தது. பத்து அடுக்குக்குள் அடங்கும் உண்மையான கிராஃபீன், பெரும்பாலானவற்றில் பத்து விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. மீதியெல்லாம் கிராஃபைட் துகள். 2020-இல் மார்ட்டின் பூமெராவின் குழு, எதைக் கலந்தாலும் கிராஃபீனின் வினையூக்கத் திறன் கூடிவிட்டதாக அறிவிக்கும் போக்கைக் கேள்விக்குள்ளாக்க, பறவை எச்சத்தையே கலந்து சோதித்தது. திறன் கூடத்தான் செய்தது. மாசும் தற்செயலும் எவ்வளவு எளிதாக நல்ல முடிவுபோல் தோன்றும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. ஒரே ஆய்வகத்தில் ஒரே நாளில் செய்த இரண்டு உணரிகளே வேறு வேறு எண் காட்டும்போது, வேறு வேறு ஊர்களில் வாங்கிய மூலப்பொருளில் செய்தவற்றை எப்படி ஒப்பிடுவது?

தூய படலத்துக்கும் இந்தத் தொல்லை உண்டு. 2009 முதல் பரவலான முறைப்படி, மீத்தேன் வாயுவைச் சூடான செம்புத் தகட்டின்மேல் செலுத்தி ஒற்றை அடுக்கை வளர்க்கிறார்கள். பிறகு அதன்மேல் நெகிழிப் பூச்சு தடவி, செம்பைக் கரைத்து, படலத்தை வேறு தகட்டுக்கு மாற்றுகிறார்கள். இந்த மாற்றத்தில் படலம் கிழியும், சுருங்கும், நெகிழியின் மிச்சம் ஒட்டிக்கொள்ளும். எல்லா அணுவும் மேற்பரப்பிலேயே இருக்கும் பொருளுக்கு, மேற்பரப்பில் தங்கும் அழுக்கு சின்ன விஷயம் அல்ல.

எண்ணிக்கை கேட்கும் கேள்வி

உணர்திறனை மட்டும் துரத்துவது ஏன் போதாது என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கும் நோய் என்று வைத்துக்கொள்வோம். நோயாளிகளில் 99 விழுக்காட்டினரைச் சரியாகப் பிடித்து, ஆரோக்கியமானவர்களில் 99 விழுக்காட்டினரைச் சரியாக விடுவிக்கும் உணரி நம்மிடம் இருக்கிறது. ஒரு லட்சம் பேரைச் சோதிக்கிறோம். 100 நோயாளிகளில் 99 பேர் பிடிபடுவார்கள். 99,900 ஆரோக்கியர்களில் 999 பேருக்கும் நோய் இருப்பதாகக் கருவி சொல்லும். ஆக, நோய் என்று சொல்லப்பட்ட 1,098 பேரில் உண்மை நோயாளிகள் 9 விழுக்காடுதான். புற்றுநோய்க்கான சோதனை என்றால், மீதி 91 விழுக்காட்டினரின் உறக்கத்தையும், அடுத்து அவர்கள் படப்போகும் ஊசிகளையும் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கண்டறியும் அளவை ஃபெம்டோகிராமிலிருந்து அதன் ஆயிரத்தில் ஒரு பங்கான அட்டோகிராமுக்கு இறக்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. தவறாகப் பிடிப்பதைக் குறைத்தால்தான் மாறும்.

மேலும், ஃபெம்டோ அளவைத் தொட்ட முதல் கருவியும் கிராஃபீன் அல்ல. ஆன்டிபாடியால் பிடித்த மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக எண்ணும் ஒற்றை மூலக்கூறு எலைசா முறை 2010-லேயே சீரத்தில் அந்த அளவை எட்டிவிட்டது. அது பெரிய இயந்திரம், ஆய்வகத்தில் இருக்க வேண்டியது. கிராஃபீனுக்கு உண்மையான சாதகம் அளவு, வேகம், நேரடி மின் வெளியீடு ஆகியவை. அந்தச் சாதகங்களை முன்னிறுத்திப் பேசினால் இத்துறை மீது நம்பிக்கை கூடும் என்று எண்ணுகிறேன்.

கிராஃபீன் கருவி மனித உடலுக்குள் முதலில் போன இடமும் ஒரு விதத்தில் இதையே சொல்கிறது. 2024-இல் மான்செஸ்டர் அருகே சால்ஃபோர்டில், மூளைக் கட்டியை அகற்றும் அறுவையின்போது பார்சிலோனா நிறுவனம் ஒன்றின் கிராஃபீன் மின்முனைகள் நோயாளியின் மூளைப் பரப்பில் வைக்கப்பட்டன. மூளையின் மின் சமிக்ஞையை அளக்க எந்தப் புரதத்தையும் அடையாளம் காண வேண்டியதில்லை. ஆன்டிபாடி வேண்டாம், 500 கோடியில் ஒன்றைப் பொறுக்க வேண்டாம். மெல்லிய, வளையும், இரைச்சல் குறைந்த கடத்தி போதும். கிராஃபீன் தன் இயல்பிலேயே சிறந்து விளங்கும் வேலை அது. மூளையின் மிக மெதுவான மின்னலைகளைக் கிராஃபீன் டிரான்சிஸ்டர்கள் பதிவுசெய்ய முடியும் என்று 2019-லேயே விலங்குகளில் காட்டப்பட்டிருந்தது.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக. சில்லில் ஒட்டியிருக்கும் படலமும் காற்றில் பறக்கும் தூளும் ஒன்றல்ல. 2024-இல் வெளியான ஓர் ஆய்வில் 14 தன்னார்வலர்கள் தூய்மையான கிராஃபீன் ஆக்சைடு நுண்தகடுகளைக் கட்டுப்பாட்டுடன் சுவாசித்தார்கள். உடனடியாகக் குறிப்பிடத்தக்க தீங்கு தெரியவில்லை. நீண்டகால விளைவைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. விரலில் குத்தி எடுத்த துளியை வெளியே வைத்துச் சோதிக்கும் கருவியில் இந்தக் கவலை பெரிதாக எழாது. உடலுக்குள் மாதக்கணக்கில் தங்கும் கருவியில் எழும்.

கிராஃபீன் உணரிகள் முதலில் பயன்படப்போவது ஆரோக்கியமானவர்களைச் சலித்துப் பார்ப்பதில் அல்ல, நோய் ஏற்கெனவே தெரிந்தவரைத் தொடர்ந்து கவனிப்பதில் என்பது என் கணிப்பு. ஒரே ஆளை நேற்றும் இன்றும் அளக்கும்போது அவருடைய பழைய அளவே ஒப்பீட்டுப் புள்ளியாகிறது. சில்லுக்குச் சில்லு உள்ள வேறுபாட்டையும் ஓரளவு கழித்துவிடலாம். அதற்கான கருவிப் பொறியியலும் வந்துகொண்டிருக்கிறது. ஒரே சில்லில் பல டிரான்சிஸ்டர்களை அடுக்கி, சிலவற்றில் ஆன்டிபாடி இல்லாமலும் சிலவற்றில் பொருந்தாத ஆன்டிபாடியோடும் விட்டுவைக்கிறார்கள். உப்பு மாற்றமும் ஆல்புமின் ஒட்டலும் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி தெரியும். தேடும் புரதம் மட்டும் சிலவற்றில் தெரியும். கழித்தால் மிஞ்சுவது விடை.

அடுத்த கிராஃபீன் உணரிச் செய்தி வரும்போது கண்டறியும் அளவுக்கு அடுத்த வரிகளையும் தேடிப் பாருங்கள். அளந்தது கரைசலிலா, நீர்க்காத இரத்தத்திலா? எத்தனை சில்லுகளில் அதே விடை வந்தது? ஒப்பீட்டுக்காக, ஆன்டிபாடி நடாத ஒரு பாதையும் இருந்ததா? நோயாளி யார் என்று தெரியாமல் வைத்து எத்தனை பேரின் மாதிரிகளைச் சோதித்தார்கள்? ஆறு மாதம் அலமாரியில் இருந்த சில்லு என்ன சொன்னது?